சாமராஜநகர் பல்கலைக்கழகம்: மார்டள்ளி மாணவருக்கு அது எவ்வளவு பக்கம்?

மார்டள்ளியில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இந்த ரூட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்து பஸ் ஏறி, ஹனூர் வழியாக கொள்ளேகால். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் மைசூரு. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த, மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ஊர். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை இந்தப் பகுதி முழுக்க மைசூரு மாவட்டம்தான். "மேல்படிப்பா? மைசூருக்குப் போகணும்" என்ற பேச்சு இன்னும் மாறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

அதை மாற்றத்தான் சாமராஜநகரில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது. இரண்டே வருடத்தில், அதை மூடிவிடலாம் என்ற பரிந்துரையும் வந்தது. என்ன நடந்தது? உங்கள் தம்பி, தங்கை இந்த வருடம் பி.யூ.சி முடிக்கிறார்கள் என்றால் இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

எப்படி உருவானது?

மைசூரு பல்கலைக்கழகம் 1916-ல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷார் நேரடியாக ஆண்ட பகுதிக்கு வெளியே இந்தியாவில் உருவான முதல் பல்கலைக்கழகம் அது. மைசூரு, மண்டியா, ஹாசன், சாமராஜநகர் என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளும் நீண்ட காலம் அதன் கீழ்தான் இருந்தன. சாமராஜநகரில் அதற்கு அம்பேத்கர் பெயரில் ஒரு முதுகலை மையமும் இருந்தது.

2022-23 பட்ஜெட்டில் அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை 7 புதிய பல்கலைக்கழகங்களை அறிவித்தார். பீதர், ஹாவேரி, ஹாசன், குடகு, கொப்பள், பாகல்கோட்டை ஆகியவற்றுடன் சாமராஜநகரும் அந்தப் பட்டியலில் இருந்தது. 2023 மார்ச்சில் அவை தொடங்கி வைக்கப்பட்டன. சாமராஜநகர் முதுகலை மையமே பல்கலைக்கழகமாக மாறியது. மாவட்டத்தில் இருந்த டிகிரி கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

பிறகு ஏன் சிக்கல்?

பணம்தான். ஒவ்வொரு புதிய பல்கலைக்கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டது வெறும் 2 கோடி ரூபாய். புது நிலம், புதுக் கட்டடம், புது ஆசிரியர் பணியிடங்கள் எதுவும் பெரிதாகக் கேட்காமல், இருப்பதை வைத்தே ஓட்ட வேண்டும் என்பதுதான் திட்டம்.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எங்கிருந்து வருமானம் வருகிறது என்று பார்த்தால் இது ஏன் கஷ்டம் என்பது புரியும். அரசு மானியத்தைத் தவிர்த்தால், இணைப்புக் கல்லூரிகள் கட்டும் கட்டணமும் மாணவர்கள் கட்டும் தேர்வுக் கட்டணமும்தான் முக்கிய வரவு. நான்கு மாவட்டக் கல்லூரிகள் இருந்தால் அது பெரிய தொகை. ஒரே ஒரு சிறிய மாவட்டம் என்றால் வரவு சுருங்கிவிடும். ஆனால் துணைவேந்தர், பதிவாளர், தேர்வுத் துறை, நிதி அலுவலர் எல்லாரும் இங்கேயும் வேண்டும். இன்னொரு பக்கம், தாய்ப் பல்கலைக்கழகத்துக்கும் அடி விழுகிறது. கல்லூரிகள் பிரிந்து போனால் கட்டண வரவும் போகும். பழைய ஊழியர்களின் ஓய்வூதியச் சுமை மட்டும் அங்கேயே நிற்கும்.

2025 பிப்ரவரியில், துணை முதல்வர் டி.கே. சிவகுமார் தலைமையிலான அமைச்சரவை துணைக்குழு 9 பல்கலைக்கழகங்களை மூடப் பரிந்துரைத்தது. சாமராஜநகரும் அதில் ஒன்று. பீதர் மட்டும் தப்பியது. நிதியும் கட்டமைப்பும் இல்லை என்பது அரசின் வாதம். பின்தங்கிய மாவட்டங்களின் வாய்ப்பைப் பறிக்கிறார்கள் என்பது பா.ஜ.க.வின் வாதம்.

தமிழ்நாட்டில் இது நடக்கவில்லையா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. கோவையின் பாரதியார் பல்கலைக்கழகம் (1982), நெல்லையின் மனோன்மணியம் சுந்தரனார் (1990), சேலத்தின் பெரியார் (1997) மூன்றுமே ஏற்கெனவே இருந்த முதுகலை மையங்களிலிருந்து வளர்ந்தவைதான். இன்று அவற்றை இல்லாமல் அந்த ஊர்களை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். மறுபக்கம், 2021-ல் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் ஒன்று தொடங்கினார்கள். ஆட்சி மாறியதும், அதே வருடம் ஆகஸ்ட்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதா நிறைவேறியது. அங்கேயும் சொல்லப்பட்ட காரணம் நிதியும் வசதியும்தான்.

அதாவது முதுகலை மையத்தை உயர்த்துவது தப்பான வழி இல்லை. போர்டை மட்டும் மாற்றிவிட்டு ஆளும் பணமும் தராமல் விடுவதுதான் பிரச்சினை.

மார்டள்ளிக்கு இதனால் என்ன லாபம்?

இங்கேதான் கொஞ்சம் நேர்மையாகக் கணக்குப் போட வேண்டும். மார்டள்ளி மாணவர் எங்கே போவதென்றாலும் முதலில் கொள்ளேகால் வர வேண்டும். அங்கிருந்து மைசூரு சுமார் 60 கி.மீ.; சாமராஜநகர் சுமார் 40 கி.மீ. மிச்சமாவது 20 கி.மீ.தான். தினமும் போய் வர முடியாது என்பது இரண்டுக்குமே பொருந்தும். சாமராஜநகர், குண்டல்பேட்டை மாணவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் பல்கலைக்கழகம் இருப்பது நிஜமான மாற்றம். மலையோர ஊர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

அவர்களுக்கு வேண்டியது மூன்று விஷயங்கள்: பக்கத்தில் நல்ல டிகிரி கல்லூரி, முதுகலை படிக்கும் ஊரில் ஹாஸ்டல், நேரத்துக்கு வரும் பஸ். கொள்ளேகாலில் ஸ்ரீ மகாதேஸ்வரா அரசு முதல்நிலைக் கல்லூரி இருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தில் பெண்களுக்கு சாதாரண அரசு பஸ்களில் டிக்கெட் இல்லை. "பஸ் காசுக்கே சரியாப் போயிடும்" என்று பெண் பிள்ளையை நிறுத்திய வீடுகளில் அந்தக் காரணம் இப்போது இல்லை. ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அது தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. மார்டள்ளித் தமிழ்ப் பெண்ணுக்குக் கிடைக்காது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18-23 வயதினரில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47%, கர்நாடகாவில் 36.2%, நாட்டுச் சராசரி 28.4%.

வீட்டில் யாராவது சேரப் போகிறார்கள் என்றால்?

'பல்கலைக்கழகத்தை மூடிட்டா டிகிரி செல்லாதா?' என்ற பயம்தான் முதலில் வரும். மாநிலச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம் சட்டப்படி இயங்கும்போது வழங்கிய பட்டம், பிறகு அது இணைக்கப்பட்டாலும் செல்லும். படிப்பின் நடுவில் இருப்பவர்கள் எந்தப் பெயரில் சான்றிதழ் வாங்குவார்கள் என்பது அரசாணையில் வரும். சேரும்போதே கல்லூரி அலுவலகத்தில் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தொலைநிலைக் கல்வி பற்றி யோசித்தால், மைசூருவில் கர்நாடக மாநில திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013-14 முதல் அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இல்லாமல் போய், 2018-19-ல் தான் திரும்பக் கிடைத்தது. இடையில் சேர்ந்தவர்கள் வேலை தேடும்போது பட்ட பாடு நிறையப் பேருக்குத் தெரியும். அதனால் எந்தத் திறந்தநிலைப் படிப்பானாலும், நீங்கள் சேரும் வருடத்துக்கும் பாடத்துக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் பார்த்த பிறகே ஃபீஸ் கட்டுங்கள்.

பெங்களூருவிலோ கோவையிலோ உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களில் பலர், வீட்டில் முதல் பட்டதாரி. ஊரிலிருக்கும் அடுத்த பிள்ளைக்கு அட்மிஷன் சமயத்தில் யாராவது ஒருவர் போன் செய்து இந்த விவரங்களை விசாரித்துச் சொன்னால் போதும், ஒரு வருடம் வீணாகாது.