'உம்' கேட்கும் செவி

நொடிக்கு 24 என்னும் அளவில் அசையா ஓவியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றி மறைய, அவற்றின் இடைவெளியை மூளை தானே அசைவால் நிரப்பிக்கொள்ளுமாயின், அத் தொடரை அசைவோவியம் என்கிறோம். திரையில் உள்ளவை கோடும் வண்ணமுமே. ஓட்டமும் பாய்ச்சலும் காண்பவரின் உள்ளே நிகழ்பவை. 'தோற்ற அசைவு' எனத்தக்க இவ்வியல்பை உளவியலாளர் மாக்சு வெர்த்தைமர் 1912-இல் ஆராய்ந்து விளக்கினார். ஊரார் நாவில் 'கார்ட்டூன்' என்றும் 'பொம்மைப் படம்' என்றும் வழங்குவதன் முழு இயல்பையும் அசைவோவியம் என்னும் ஒரு சொல்லே உரைத்துவிடுகிறது.

அசைவோவியங்களைக் கதைப்பொருளால் வகுப்பதே பெற்றோர் வழக்கம். அடிதடி உண்டா என்பதே அவர்தம் முதல் வினா. நடையால் வகுப்பதோ இன்னும் பயனுடையது. களம் விரைந்து மாறும் விரைநடை, மெல்ல மாறும் மெல்நடை, காண்பவரை வினவிக் காத்திருக்கும் வினவுநடை என அது மூவகைப்படும். முதல் இரண்டின் வேறுபாட்டை ஓர் ஆய்வு காட்டுகிறது. தன்னைத் தான் அடக்கி, சொன்னதை நினைவில் நிறுத்தி, முறைப்படச் செயலாற்றும் மூளையின் திறத்தைத் 'தன்னாட்சித்திறம்' எனலாம். வர்சீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு அகவைப் பிள்ளைகள் 60 பேர் மூன்று குழுவாக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 11 நொடிக்கு ஒருமுறை களம் மாறும் படம். மற்றொன்றுக்கு 34 நொடிக்கு ஒருமுறை மாறும் படம். எஞ்சியோர்க்குத் தாளும் வரைகோலும். ஒன்பதே மணித்துளிகள் கழிந்தபின், விரைநடைப் படம் கண்டோரே தன்னாட்சித்திறத்தில் பின்தங்கினர். ஏனை இரு குழுவினர் தம்முள் வேறுபடவில்லை. படம் முடிந்த உடனே எடுத்த அளவீடு அது. அதைக் காட்டி மூளையே கெட்டதென்பார், ஆய்வை முழுதும் படியாதவர்.

என்னை நெடிது நிறுத்தியது வினவுநடையே. 2007-இல் தொடங்கிய சுட்டித் தொலைக்காட்சியின் வழியே, அசைவோவியச் சிறுமி டோரா கொங்கு நாட்டு வீடுகளிலும் தமிழ் பேசினாள். சோமனூர்ப் பக்கம், தறிக்கூடத்தை ஒட்டிய வீடொன்றில், உறவினர் மகள் திரையின்முன் அமர்ந்திருக்கக் கண்டேன். டோரா வினவினாள், இமை கொட்டிக் காத்தாள். தறியோசையையும் மீறி, "அங்க இருக்குது பாரு!" என்று கத்தியது குழந்தை. டோரா பாராட்டினாள். அடுத்த வினாவின்போது குழந்தை முறுக்கைக் கடித்தபடி வாய் திறவாதிருந்தது. அப்போதும் அதே பாராட்டு.

நேரில் இருப்பவர்க்கும் திரைக்கும் உள்ள தொலைவை ஆய்வாளர் பாத்திரிசியா கூல் 2003-இல் காட்டினார். ஒன்பது திங்கள் நிறைந்த அமெரிக்கக் குழவியர்முன் சீனமொழியாளர் அமர்ந்து பேசி விளையாட, அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிய அவர்கள் கற்றனர். அதே மொழியாளரைத் திரையில் மட்டும் கண்டவர் கற்றிலர்.

நேரில் இருந்து, கேட்பவரின் மறுமொழி பார்த்துப் பேசுதல் கொங்கு நாட்டார்க்குப் புதிதன்று. அமுச்சி என்னும் பாட்டி கதை சொல்கையில் பேரன் 'உம்' கொட்டாவிடில் கதை நின்றுவிடும். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவோரும் அவையின் முகம் பார்த்தே நீட்டுவர், குறுக்குவர். 1965-இல் காங்கேயம் அருகே ஒலப்பாளையத்தில் அக்கதையை ஒலிப்பதிவு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக்கு, பிற்காலத்தே 26 பகுதிகள் கொண்ட அசைவோவியமாகவே அதனை ஆக்கினார். அக்கதையின் தலைவர்களான பொன்னரும் சங்கரும் திரையேறியது பெருமையே. ஆயினும் 'உம்' கேட்கும் செவி திரைக்கு வாய்க்கவில்லை. அச் செவியாய் அருகிருத்தலே பெற்றோர் பணி.

ஈராண்டு நிறையாதார்க்குத் திரை வேண்டா, நான்கு அகவைவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. வேண்டிய வரம்பே, ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் உடன் இருப்பவர் யார் என்பதைக் கடிகாரம் காட்டாது.

அச் சோமனூர் வீட்டில் இப்போது இளையவன் கையில் கைப்பேசி. தறியை நிறுத்திவிட்டு வந்த தாய், ஓடிய படத்தை இடையில் நிறுத்தி, "ஏங்கண்ணு, இவன் எதுக்கு அழுவறான்?" என்றாள். அவன் சற்றே எண்ணிப் பார்த்தான். "அவங்கம்மா தறி ஓட்டப் போயிட்டாங்கல்லொ."

படத்தில் அம்மாவே வரவில்லை.