கிடாரைப் பளிச்சென்று படம் எடுக்க

பழைய கிடாரை இணையத்தில் விற்கப் போகிறீர்களா? வாங்குபவர் படத்தைப் பார்த்துத்தான் விலை பேசுவார். நான் பின்பற்றும் வழிகள் இவை.

முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கிடாரின் வார்னிஷ் கண்ணாடி போல அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும். படத்தில் வெள்ளைத் திட்டு விழும். நேர் வெயில் படாத ஜன்னலருகே கிடாரைச் சற்றுத் திருப்பி வையுங்கள். அறை விளக்கும் எரிந்தால் மரத்தின் நிறம் மாறித் தெரியும்.

அடுத்து, 2 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். மிக அருகில் எடுத்தால் உடல் பெருத்தும் தலைப்பகுதி சிறுத்தும் தெரியும். ஃபிளாஷ் இல்லாததால் கை நடுங்கினாலும் படம் கலங்கும். கேமராவை மேசையில் வைத்து, செல்ஃப் டைமரில் எடுங்கள்.

கீறல் இருந்தால், பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துத் தனிப் படம் எடுங்கள். குறையையும் காட்டினால்தான் வாங்குபவர் நம்புவார்.