வாய் தவறினாலும் வேற்றுமை தவறாது

சொல்ல நினைத்தது ஒன்றாகவும் வாயில் வந்து விழுந்தது வேறொன்றாகவும் அமைந்துவிடுவதை மொழியியலில் நாத்தவறு என்பர். உரிய சொல்லை நன்கறிந்த ஒருவரே அதைக் கணநேரம் பிறழச் சொல்லிவிட்டுத் தாமே திருத்திக்கொள்வது இதன் அடையாளம். சொல்லையே தவறாக அறிந்து வைத்திருப்பது வேறு வகையைச் சேரும். ஆங்கில நாடக ஆசிரியர் ஷெரிடன் 1775-இல் அரங்கேற்றிய 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் வரும் மிஸஸ் மாலப்ராப் என்னும் பாத்திரம் பெரிய பெரிய சொற்களைப் பொருந்தாத இடத்தில் பெருமிதத்தோடு வழங்குவதால், அவ்வகைப் பிழைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆஞ்சியோகிராம் என்பதை 'ஆஞ்சநேயர்கிராம்' என்றே நம்பிச் சொல்லும் கணவர் நாளையும் அப்படியே சொல்வார். தக்காளி சட்னி கேட்கப்போய் 'சக்காளி தட்னி' என்றவரோ, மனைவி நிமிர்ந்து பார்ப்பதற்குள் தாமே சிரித்துவிடுவார்.

இயல்பான உரையாடலில் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 2 அல்லது 3 சொற்களைப் பேசுகிறார். பல்லாயிரம் சொற்களிலிருந்து உரியதைத் தேர்ந்து, உருபு சேர்த்து, ஒலியாக்கி நாவுக்கு அனுப்பும் பணி இவ்வளவு விரைவில் நடந்தும், தோராயமாக ஆயிரம் சொற்களுக்கு ஒன்றோ இரண்டோதான் பிழைக்கின்றன என்பதே வியப்புக்குரியது. அந்த ஒன்றிரண்டும் பெரும்பாலும் வீட்டில்தான் பிடிபடுகின்றன. ஒரு கையால் குக்கரை இறக்கியபடி, மறு கையால் பிள்ளையின் டிபன் பாக்ஸை மூடியபடி, பேருந்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் பேசும் பேச்சில் கவனம் பல திசைகளில் சிதறுகிறது. மேலும், அயலார் நாகரிகம் கருதிக் காதில் விழாததுபோல் இருந்துவிடும் தவற்றை, வாழ்க்கைத் துணை அவ்வாறு விட்டுவிடுவதில்லை.

இத்தகைய பேச்சை அறிவியலுக்குரிய பொருளாக முதலில் கருதியவர்களுள் வியன்னாவின் மொழியியல் அறிஞர் ருடால்ஃப் மெரிங்கரும் மருத்துவர் கார்ல் மாயரும் குறிப்பிடத்தக்கவர்கள். அன்றாட உரையாடலில் காதில் விழுந்த பிழைகளைக் குறித்துவைத்து, 1895-இல் அவர்கள் நூலாக வெளியிட்டனர். பிற்காலத்தில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த விக்டோரியா ஃபிராம்கின், தாம் திரட்டிய பிழைகளைக் கொண்டு, நாத்தவறுகள் தாறுமாறானவை அல்ல, மொழியின் விதிகளுக்குள்ளேயே நிகழ்பவை என்று 1971-இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார்.

அவர் கூறியதைத் தமிழ் வீட்டின் சமையலறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். "ஏங்க, பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைங்க" என்று சொல்ல வந்தவர், "ஏங்க, ஃப்ரிட்ஜை எடுத்துப் பாலில் வைங்க" என்று சொல்லிவிடுவதாகக் கொள்வோம். இங்கே இடம் மாறியவை பால், ஃப்ரிட்ஜ் என்னும் பெயர்கள் மட்டுமே. 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபும் 'இல்' என்னும் ஏழாம் வேற்றுமை உருபும் தத்தம் இடத்தில் அசையாமல் நிற்கின்றன. "சாப்பாட்டை மேசையில் வை" என்பது "மேசையைச் சாப்பாட்டில் வை" என்று பிறழும்போது, 'சாப்பாடு' என்னும் சொல் புதிய இடத்துக்குப் போனபின்னும் டகரம் இரட்டித்துச் 'சாப்பாட்டில்' என்றே உருபை ஏற்கிறது. 'சாப்பாடில்' என்று யாரும் உளறுவதில்லை. வாக்கியத்தின் சட்டகமும் உருபுகளும் ஒரு கட்டத்திலும், அவற்றில் பொருந்தும் பெயர்கள் இன்னொரு கட்டத்திலும் அமைந்து, ஒலி வடிவம் அதற்கும் பின்னரே உறுதிப்படுகிறது என்பதற்கு இதுவே சான்று. ஆங்கிலப் பிழைகளை ஆராய்ந்த மெரில் கேரட் 1975-இல் இத்தகைய படிநிலைகளையே விளக்கினார்.

ஒலிகள் இடம் மாறும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. 'சக்காளி தட்னி'யில் ஒரு சொல்லின் முதல் மெய் மற்றொரு சொல்லின் முதல் மெய்யோடுதான் இடம் மாறியிருக்கிறது; அது சொல்லின் நடுவிலோ இறுதியிலோ போய் அமர்வது அரிது. ஆக்ஸ்ஃபோர்டின் நியூ காலேஜ் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்த வில்லியம் ஆர்ச்சிபால்ட் ஸ்பூனரின் பெயரால் ஆங்கிலத்தில் இவ்வகைப் பிறழ்ச்சி அறியப்படுகிறது. ஆயினும் அவர் சொன்னவையாக உலவும் வேடிக்கைகளில் பல பிறர் புனைந்தவையே.

சொல் தேர்வில் நேரும் தவறுகள் மனத்துள் சொற்கள் எவ்வாறு கோக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டுகின்றன. "நாளைக்குப் போனோமே" என்று நேற்றைய பயணத்தைப் பற்றிப் பேசுவது, பொருளால் நெருங்கிய சொற்கள் ஒரே வேளையில் விழித்தெழுவதால் நேர்வது. பெயர் மாற்றி அழைப்பதும் இவ்வாறானதே. டியூக் பல்கலைக்கழகத்தின் சமந்தா டெஃப்லரும் உடன் ஆய்வாளர்களும் 1,700-க்கு மேற்பட்டோரிடம் விவரம் திரட்டி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தாரை அழைக்கும்போது பெரும்பாலும் குடும்பத்தாரின் பெயரும், நண்பரை அழைக்கும்போது நண்பரின் பெயருமே தவறி வருகின்றன என்று கண்டனர். வளர்ப்பு நாயின் பெயரும் குடும்பப் பெயர்களோடு கலந்து வந்தது. பூனையின் பெயருக்கு அந்த உரிமை கிட்டவில்லை. மனைவியைத் தங்கை பெயராலோ மகள் பெயராலோ அழைத்துவிட்ட கணவர், மனைவியை மறந்துவிடவில்லை. தமக்கு நெருக்கமானவர்களின் வரிசையில் அடுத்த பெயரைத் தொட்டுவிட்டார், அவ்வளவே. கணவர் பெயரைச் சொல்லாமல் "ஏங்க" என்றே அழைத்துவந்த தலைமுறைப் பெண்களுக்கு, குறைந்தபட்சம் கணவரை அழைப்பதில் இந்தச் சங்கடம் நேர வழியே இல்லாதிருந்தது.

இதற்கு முற்றிலும் மாறான விளக்கத்தை சிக்மண்ட் ஃபிராய்ட் 1901-இல் முன்வைத்தார். அடக்கிவைத்த எண்ணமே நாத்தவறாக வெளிப்படுகிறது என்பது அவர் கொள்கை. ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர், கூட்டத்தைத் தொடங்கிவைக்கையில் அது முடிந்ததாக அறிவித்துவிட்டதை மெரிங்கர் பதிவுசெய்திருந்தார். கூட்டம் முடிந்தால் போதும் என்ற உள்விருப்பத்தை ஃபிராய்ட் அதில் கண்டார். தொடக்கமும் முடிவும் எதிர்ச்சொற்களாக மனத்தில் அடுத்தடுத்து இருப்பதே அந்தத் தவற்றுக்குப் போதுமான காரணம் என்பார்கள் மொழியியலார். சில தவறுகளில் மனக்கவலைக்கும் பங்கு இருக்கக்கூடும் எனினும், ஒவ்வொரு நாத்தவற்றையும் ஒப்புதல் வாக்குமூலமாகக் கொண்டு விசாரணை தொடங்குவதற்கு ஆதாரம் இல்லை.

பேசுபவர் தம் பேச்சைத் தாமே தொடர்ந்து கண்காணிக்கிறார் என்பதை டச்சு உளமொழியியல் அறிஞர் வில்லெம் லெவெல்ட் விரிவாக ஆராய்ந்துள்ளார். சொல் வெளிவருமுன் உள்ளே ஒரு முறையும், தம் குரலைத் தாமே கேட்பதால் வெளியே ஒரு முறையும் இந்தச் சரிபார்ப்பு நடக்கிறது; அவசரத்திலும் களைப்பிலும் முதலாவது சரிபார்ப்பு தளர, இரண்டாவது பிழையைப் பிடித்துத் திருத்துகிறது. ஆகவே அவ்வப்போது வாய் தவறுவதும், தவறியதை உணர்ந்து சிரிப்பதும் நலமுள்ள மூளையின் இயல்பான செயல்களே. ஆனால் பேச்சு திடீரெனக் குழறினாலோ, சொற்கள் கோவையின்றி வந்தாலோ, அதோடு முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அந்த வேறுபாட்டை முதலில் உணரக்கூடியவரும், பல்லாண்டுகளாக அந்தப் பேச்சைப் பிழையோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய துணைவரே.