பெருங்கணினி இயங்குதளங்களில் பிழை மீட்பு

பெருங்கணினி ஒரே வேளையில் பல நூறு பணிகளைச் சுமக்கும் இயந்திரமாகும். அவற்றுள் ஒன்று பிழைபட்டால் ஏனையவை நின்றுவிடலாகாது. வங்கிக் கணக்கும் காப்புறுதியும் இத்தகைய கணினிகளை நம்பியிருப்பதற்கு இக்கொள்கையும் ஒரு காரணமாகும். ஐபிஎம் நிறுவனத்தின் எம்விஎஸ் இயங்குதளத்தையும், அதன் வழிவந்த இசட்/ஓஎஸ் இயங்குதளத்தையும் சான்றாகக் கொண்டு இக்கொள்கை செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

1964ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினிக்குரிய ஓஎஸ்/360 இயங்குதளத்திலேயே, பிழை நேரின் எந்த நிரற்பகுதி இயங்கவேண்டும் என்பதை ஒரு நிரல் முன்கூட்டி அறிவிக்க வழியிருந்தது. 1974இல் வெளிவந்த எம்விஎஸ், இயங்குதளத்தின் சொந்த உறுப்புகளுக்கும் இத்தகைய பாதுகாப்பை விரிவாக அளித்தது. பொதுவான பணிகளுக்கு 'எஸ்டே' எனப்படும் மீட்புநிரல்களும், பூட்டுகளைக் கைக்கொண்டு இயங்கும் உட்பகுதிகளுக்கு 'எஃப்ஆர்ஆர்' எனப்படும் மீட்புநிரல்களும் அமைந்தன.

பிழை நேர்ந்தவுடன் மீட்பு–முடிப்பு மேலாளர் என்னும் உறுப்பு பொறுப்பேற்கிறது. பிழைக் குறியீடு, பிழை நேர்ந்த கணத்தில் பதிவகங்களில் இருந்த மதிப்புகள் ஆகியவற்றை அது ஒரு குறிப்பேட்டில் நிரப்பி, இறுதியாக அறிவிக்கப்பட்ட மீட்புநிரலை முதலில் அழைக்கிறது. நினைவகப் பற்றாக்குறையால் அக்குறிப்பேட்டையே அமைக்க இயலாமற் போவதும் உண்டு. அவ்வேளையில் 0ஆம் பதிவகத்தில் 12 என்னும் எண் வைக்கப்பெறும். இதனை முதற்கண் சோதிக்காத மீட்புநிரல் தானே பிழைக்கு இரையாகும்.

அழைக்கப்பட்ட மீட்புநிரலின் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று மீள்முயற்சி, அதாவது, நிரலைக் குறித்ததோர் இடத்திலிருந்து மீண்டும் தொடரச் செய்தல். மற்றொன்று மேலனுப்பல்; அதாவது, 'இதனைத் தீர்த்தல் எனக்கு இயலாது' என அடுத்த மீட்புநிரலிடம் ஒப்படைத்தல். அனைத்தும் மேலனுப்பிவிட்டால் அப்பணி முடிவுறும். அதன்வசம் இருந்த வளங்களை இயங்குதளம் விடுவிக்கும். இயக்குநரே ஒரு பணியை நீக்கும்போது மீள்முயற்சிக்கு இடமில்லை.

எவ்வழியைத் தேர்வது என்பதே உண்மையான சிக்கல். தொகை இருக்கவேண்டிய இடத்தில் வெற்றிடக் குறிகள் இருந்தால், கணக்கிட முயலும் நிரல் '0சி7' என்னும் குறியீட்டுடன் முறிகிறது. தொகையைச் சுழியம் எனக் கொண்டு தொடரும் மீட்புநிரல் பணியைக் காப்பாற்றுவதாகத் தோன்றினும், கணக்கைக் கெடுத்துவிடுகிறது. அப்பதிவை மட்டும் தனியே ஒதுக்கி, செய்தியொன்றை எழுதிவிட்டு, அடுத்த பதிவுக்குச் செல்வதே முறையான மீள்முயற்சி. இனி, பலரும் பகிரும் அட்டவணையொன்றைப் பூட்டி மாற்றிக்கொண்டிருக்கையில் பிழை நேர்ந்ததாகக் கொள்வோம். பூட்டை விடுவியாவிடில் பிற பணிகள் காத்துக் கிடக்கும். அட்டவணையைச் சீராக்காமல் விடுவித்தாலோ அவை பழுதான தரவைப் படிக்கும். ஆதலின் தேர்ந்த நிரலர், ஒவ்வொரு படியைக் கடக்கும்போதும் ஓர் அடையாளத்தைப் பதித்துச் செல்வர். மீட்புநிரல் அவ்வடையாளங்களைக் கொண்டு, எந்த மாற்றம் முற்றுப்பெற்றது, எது பாதியில் நின்றது என அறிந்து செயற்படும்.

ஆகவே, பிழை மீட்பின் முதற்கடமை பணியைத் தொடர்வதன்று. கேடு பரவாமற் காப்பதேயாகும். ஐயத்திற்குரிய தரவோடு தொடர்ந்து இயங்கும் நிரலைக் காட்டிலும், உரிய குறிப்புகளை விட்டு முறையாக நின்றுவிடும் நிரலே நம்பத்தக்கது.