லயத்துக்குப் பின்னால்: எதைப் பறிக்கலாம், எதை விடணும்?

லயத்துக்குப் பின்னால் நம்மில் பலருக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. நாலு பாத்தி போஞ்சி, கொஞ்சம் கோவா, ஓரத்தில் ஒரு கொய்யா மரம், அதற்குக் கீழே கான். நாம் விதைத்தது கொஞ்சம்தான். விதைக்காமலே முளைப்பதும், கூப்பிடாமலே வருவதும் நிறைய. அவற்றில் நமக்கு உதவுவது எது, கெடுதல் செய்வது எது என்று இந்த இதழில் பார்ப்போம்.

கீரை

மழை தொடங்கியதும் வல்லாரை, பொன்னாங்காணி, மணத்தக்காளி எல்லாம் தானாகவே தழைக்கும். காசு கொடுக்காமல் கிடைப்பதால் இவற்றை மட்டமாக நினைக்கக் கூடாது. நம் பெண்களில் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. கீரையில் இரும்புச் சத்து உண்டு. சமைத்த கீரையில் தேசிக்காய்ப் புளி கொஞ்சம் விட்டால், அல்லது சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்றால், அந்தச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அது சேர்வது குறைந்துவிடும். ஆகவே தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

ஆனால் பறிக்கும் இடம் முக்கியம். நாங்கள் ஒரு லயத்துக்குப் போனபோது ஒரு பாட்டி சொன்னார்: "நாலு பிள்ளைகளையும் இந்தக் கீரையிலதான் வளர்த்தேன். இப்ப மலையில மருந்தடிக்கிறாங்க, பறிக்கவே பயமா இருக்கு." பாட்டியின் பயம் நியாயமானது. புல்லுக்கு மருந்தடித்த மலையிலும், அந்த மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் கானிலும் கீரை பறிக்க வேண்டாம். கழுவினாலும் மருந்து முழுக்கப் போகாது. எந்த மலைக்கு மருந்தடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கக்கூஸ் தண்ணீர் ஓடும் பக்கத்தில் வளரும் வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டால் பூச்சியும் வயிற்றோட்டமும் வரும். நல்லது, நாலு வல்லாரைக் கொடியை வேரோடு எடுத்து வந்து வீட்டுப் பக்கம் சுத்தமான இடத்தில் நடுவதுதான். ஈரம் இருந்தால் அது தானே படரும்.

காளான்

இடியும் மழையும் சேர்ந்து வரும் காலத்தில் காளான் முளைக்கும். சிறுபிள்ளைகள் சட்டி நிறையப் பொறுக்கி வருவார்கள். இதில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. "பூச்சி தின்ற காளான் நல்லது", "உள்ளிப்பூடு கறுக்காவிட்டால் விஷமில்லை", "வெள்ளிக்காசு போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்வார்கள். இவை ஒன்றும் உண்மையில்லை. கொடிய காளானின் விஷம் வேகவைத்தாலும் போகாது. சில காளானைத் தின்றால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். மறுநாள் சுகமானது போலத் தெரியும். அதற்குப் பிறகு ஈரல் கெட்டுப்போகும். "இப்ப நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டில் வைத்திருந்தால் பிள்ளையை இழந்துவிடுவோம். காளான் தின்ற பிறகு வாந்தி வந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸில் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சமிருக்கும் காளானையும் கையோடு கொண்டு போங்கள். அடையாளம் நிச்சயமாகத் தெரியாத காளானைத் தொடவே வேண்டாம்.

குளவி

பெரிய மரத்திலும் பாறையிலும் கூடு கட்டும் குளவியைப் பற்றிக் கொழுந்து பறிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தேனுக்கு ஆசைப்பட்டுக் கூட்டுக்குப் புகை போடுவதும், பிள்ளைகள் கல் எறிவதும், அடுத்த மலையில் வேலை செய்பவர் உயிருக்கே ஆபத்தாக முடியும். நிறையக் கொட்டு வாங்கினாலோ, ஒரே கொட்டிலேயே முகம் வீங்கி மூச்சு முட்டினாலோ, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விருந்தாளிகள்

செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் வடக்கே இமயமலைப் பக்கத்திலிருந்தும் அதற்கும் அப்பாலிருந்தும் குருவிகள் வருகின்றன. கான் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் வாலாட்டிக் குருவியும், சருகுக்குள் தத்தித் திரியும் ஆறுமணிக்குருவியும் அப்படி வருபவைதான். தின்பது பூச்சியும் புழுவும். சித்திரை வாக்கில் திரும்பிப் போகும். கவணோடு திரியும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வேறு கதை. கிழங்கு முற்றும் நேரத்தில் ஒரே இரவில் பாத்தியைக் கிண்டிவிட்டுப் போகும். அந்தக் கோபம் நமக்கும் புரிகிறது. ஆனால் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மரக்கறித் தோட்டம் ஒன்றில் கம்பியில் மாட்டிய அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. சிறுத்தை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட மிருகம். கம்பி வைத்தவர் வழக்கு, மறியல் என்று அலைய வேண்டி வரும். கம்பியில் மாட்டி உயிரோடு நிற்கும் சிறுத்தை கிட்டப் போனவர்மேல் பாயவும் கூடும். கம்பியை விட்டுவிட்டு, லயத்தார் சேர்ந்து நெருக்கமாக வேலி அடையுங்கள். தகரம் கட்டிச் சத்தம் வையுங்கள். கிழங்கு முற்றியதும் தாமதிக்காமல் கிண்டி எடுங்கள்.

நம் பாட்டன் பாட்டிமாருக்கு எந்தக் கீரை எந்த மாதம் வரும் என்று மனப்பாடம். இந்த மழைக்கு, வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். அவர் பேர் சொல்லட்டும், பிள்ளைகள் கொப்பியில் எழுதட்டும்.