யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கிடையே கோப்புப் பகிர்வும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

முன்னுரை

எட்டுத்தொகை நூல்களின் மின்படிகள் ஒரு லினக்ஸ் வழங்கியில் நூற்பெயர்களிலேயே சேமிக்கப்பட்டுள்ளன எனக் கொள்வோம். அவற்றை என்எஃப்எஸ் எனப்படும் பிணையக் கோப்பு முறைமை வழியாக மேக் கணினியில் திறக்கும்போது நற்றிணை, புறநானூறு முதலான ஆறும் திறக்கும். குறுந்தொகையும் கலித்தொகையும் மட்டும் பட்டியலில் தெரிந்தும், ‘அத்தகைய கோப்பு இல்லை’ என்ற செய்தியுடன் திறக்க மறுக்கக்கூடும். கோப்பு சிதைந்துவிட்டதாகக் கருதி மீண்டும் ஏற்றுவோர் பலர். அவ்விரு பெயர்களில் மட்டுமே ஒகர உயிர்மெய் உள்ளது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

ஓர் எழுத்து, இரு வடிவங்கள்

ஒருங்குறியில் ‘தொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முன்னது சேர்த்த வடிவம், பின்னது பிரித்த வடிவம். திரையில் இரண்டும் ஒன்றே. தமிழில் இவ்வாறு பிரியக்கூடியவை ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் ‘ஔ’ என்னும் உயிரெழுத்தும் ஆகிய நான்கு மட்டுமே. ஐகாரக் குறி பிரிவதில்லை. ஆதலால் ‘மணிமேகலை’க்கு இச்சிக்கல் இல்லை.

1998இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, பெயர்களைப் பிரித்த வடிவிலேயே பதிவுசெய்தது. 2017இல் மேக் கணினிகளுக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த வடிவை அப்படியே காத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறைமைக்கோ இயல்பாகப் பெயர் என்பது வெறும் பைட்டு வரிசை. அதற்கு இரு வடிவங்களும் இரு வேறு பெயர்கள். 1995இல் வெளியான என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பும் பைட்டுகளை மாற்றாமல் கடத்துகிறது. எனவே மேக் பிரித்த வடிவில் கேட்க, லினக்ஸ் ‘இல்லை’ என்கிறது. அதன் நோக்கில் அவ்விடை சரியானதே.

கோளாறைக் கண்டறிதல்

முதலில் அனுமதிச் சிக்கலை விலக்க வேண்டும். மேக்கில் முதற்பயனர் எண் 501, பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் 1000; இவை பொருந்தாதபோது வரும் செய்தி ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதாகும், ‘இல்லை’ என்பதன்று. அடுத்து, பெயரின் பைட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு. ‘தொல்காப்பியம்’ சேர்த்த வடிவில் 13 குறியெண்கள், 39 பைட்டு. பிரித்த வடிவில் 14 குறியெண்கள், 42 பைட்டு. பெயரைக் கண்ணால் ஒப்பிடுவதில் பயனில்லை.

சீர்செய்தல்

காப்பகத்திற்குச் சேர்த்த வடிவைத் தெரிவுசெய்வதே தக்கது; வழக்கமான விசைப்பலகை உள்ளீடு பெரும்பாலும் அவ்வடிவிலேயே அமைகிறது. வழங்கியிலுள்ள பெயர்களைக் கான்வ்எம்வி என்னும் கருவியால் மாற்றலாம். தனியே ஆணையிடும்வரை அது மாற்றங்களைக் காட்டுமேயன்றிச் செய்யாது என்பது நல்ல பாதுகாப்பு. பிறகு மேக்கில் பகிர்வை இணைக்கும்போது, பெயர்களைச் சேர்த்த வடிவில் அனுப்பும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். இவ்வரிசை முக்கியம்: விருப்பத்தை மட்டும் சேர்த்தால், வழங்கியில் ஏற்கெனவே பிரித்த வடிவில் உள்ளவை எட்டாமற் போகும். ஃபிரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் கோப்பு முறைமையை உருவாக்கும்போதே இதனை அமைத்துவிட வேண்டும். பின்னர் மாற்ற இயலாது.

உண்மையான இழப்பு நேர்வது படியெடுக்கையில்தான். ஒரே லினக்ஸ் கோப்புறையில் ‘குறுந்தொகை’ இரு வடிவங்களிலும் இருந்து, ஒன்று மட்டும் மெய்ப்புத் திருத்தப்பட்டது என்றால், மேக்கிற்குப் படியெடுக்கும்போது ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்படலாம். எது எஞ்சும் என்பது படியெடுத்த வரிசையைப் பொறுத்தது. ஆகவே பெயர் மாற்றத்திற்கு முன்பே இரட்டைகளைத் தேடி உள்ளடக்கத்தை ஒப்பிடுதல் வேண்டும். ஆர்சிங்க் கருவியைப் பயன்படுத்துவோர் அதன் குறியேற்ற மாற்று விருப்பத்தையும் உடன் தர வேண்டும்.

‘ஔவையார்’ என்பதை ‘ஒ’வுடன் ‘ள’கரத்தைச் சேர்த்துத் தட்டச்சிடும் பழக்கம் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது எழுத்துப் பிழை. வடிவ மாற்றக் கருவிகள் அதனைத் திருத்துவதில்லை. அத்தகைய பெயர்களைத் தனியே தேடித்தான் மாற்ற வேண்டும்.