மீன் தொட்டி விளக்கிற்கு ஏற்ற சோக்

மீன் தொட்டிக்குத் தாமே குழல்விளக்கு அமைத்துக்கொள்வோர் சிலர், கையில் கிடைத்த பழைய சோக்கையே பொருத்திவிடுகின்றனர். இது தவறு. குழல் எரியத் தொடங்கியதும் அதன் மின்தடை வெகுவாகக் குறைகிறது. அப்போது மின்னோட்டத்தை அளவோடு நிறுத்துவது சோக்கே.

ஈரடிக் குழல் 18 வாட். அதற்கு ஏறத்தாழ 0.37 ஆம்பியர் போதும். நாலடிக் குழலுக்கான 36 வாட் சோக்கோ 0.43 ஆம்பியர் அளவில் செலுத்தும். குழலின் முனைகள் விரைவில் கருத்துவிடும். ஈரடிக் குழல்கள் இரண்டைத் தொடராக இணைத்து, தனித்தனி ஸ்டார்ட்டர் வைத்தால் மட்டுமே அந்தச் சோக் பொருந்தும்.

சோக் இயல்பாகவே சூடேறும். அதனைத் தொட்டியின் மூடிக்குள் வைத்தலாகாது. ஈரம் பட்டால் உயிருக்கே ஆபத்து. சுவரில், நீர் தெறிக்காத இடத்தில் பொருத்துக. உலோகப் பகுதிகளுக்கு எர்த் கம்பி இணைத்தல் கட்டாயம். தொட்டியில் கைவிடுமுன் சுவிட்சை அடைத்து, பிளக்கையும் கழற்றிவிடுக.